பஸ்ஸும் பிளேனும் ஒண்டாத்தான் வெளிக்கிட்ட

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸில் முன் சீற்றில் ஒரு மீனவரும் மனைவியும்.

“நாம பஸ் ஏறக்குள்ளதான் மகனும் கோலாலம்பூரில பிளேன் ஏறின. சிங்கப்பூரில மகளுக்குப் பிள்ளை நோவு கண்டிட்டு, மருமகனும் கப்பல் வேலையில. மகன் நேரத்துக்குப் போவானா?”

“முந்நூறு கிலோமீற்றர்தான் புள்ள. ஒரு மணித்தியாலம்.”

“ஒரு மணித்தியாலத்துல வேற நாடா? கதை விடாதீங்க!”

பிள்ளையாரடிக்குக் கிட்ட அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு, வெளியே ஊர்ந்துகொண்டிருந்த வயலையே பார்த்தார்.

“இறங்கிட்டானாம். மகளுக்கு இன்னும் பிள்ளை கிடைக்கல்லயாம். நாம டவுனுக்கே வரல்ல!”

“ஆத்தே!”

“நீ மகளைப் பெறக்குள்ள நான் ஆழ்கடலில. கரைக்கு வரக்குள்ள பிள்ளை பெத்த துடக்கே கழிஞ்சிட்டு.”

“மாமன்காரன் உங்களப் போல இல்ல,” என்றார் மனைவி. “பிள்ளைக்கு முந்தி இறங்கிட்டான்.”