மாமாவின் பினாங்கு லைசென்ஸ்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே மயங்கிவிடுகிறார்கள். நான் முதலில் குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். மேலே பெயிண்ட் அடித்து யாரையும் ஏமாற்றலாம், அடியில் பிடித்த துருவை மறைக்க முடியாது. உட்காரச் சொன்னீர்கள், நல்லது இன்ஸ்பெக்டர் ஐயா. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சின்னராஜ். சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். என் அக்கா சௌந்திரத்தின் வீட்டுக்காரர் கந்தவேலோடு சேர்ந்து அம்மாபேட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருந்தேன். பட்டறை மாமா பெயரில், வேலை என் கையில். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

பினாங்கு யோசனை என்னுடையது. அங்கிருந்து திரும்பி வந்த ஒருவர் வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் சீமைக்குத் திரும்பும்போது காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்களாம். அதை வாங்கிச் சரிசெய்து விற்க, வேலை தெரிந்த ஆள் அங்கே இல்லையாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டும். அங்கே கடை வைத்திருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். மனுப் போடுகிறவர் மீது இங்கே கேசு எதுவும் இல்லை என்று நன்னடத்தைச் சான்றும் வேண்டும். ஜாமீனுக்கு ஆளை நானே பிடித்தேன். இரண்டு பேர் பெயரிலும் மனுவை அனுப்பினோம்.

அது போய்ச் சேர்வதற்குள் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் மாமா காரை ஒரு பெண்ணின் மீது ஏற்றிவிட்டார். வேகம்தான் காரணம். ஆராயி என்று பெயர், புல்லுக்கட்டோடு ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தவள். அவள் பிழைத்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும், எனக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது.

போலீஸ் வருவதற்கு முன்பே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கண்ணாலம் ஆவாதவன் சாமி. நீ ஓட்டுனேன்னு சொல்லிரு. அவரு உள்ள போயிட்டா லைசென்ஸும் போயிரும், என்ற பொழப்பும் போயிரும்."

"எனக்கும் லைசென்ஸ் போயிரும்ல அக்கா?"

"அவரு வாங்குனா உனக்குஞ் சேத்துத்தான. நான் இருக்கறப்ப உன்னய உட்டுருவனா?"

நான் ஓட்டினேன் என்று சொன்னேன். ஜெயிலுக்கும் போனேன். அங்கே கல் உடைத்தபோதெல்லாம் பினாங்குக் கடையில் எந்த வண்டியை முன்னால் நிறுத்துவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் வந்துவிட்டிருந்தது. அவர் ஒருவர் பெயரில் மட்டும்.

"உன்ற பேர்ல கேசு இருக்குதே மாப்ளே," என்றார். "வெள்ளக்காரன் ஒத்துக்க மாட்டான். நானே உன்ற பேர அடிச்சுட்டேன்."

"அந்தக் கேசு யாரோடதுங்க மாமா?"

"ஆனது ஆயிப்போச்சு. அதயே பேசிட்டிருந்தா ஆவுமா? நானும் உங்கக்காளும் போயிக் காலூணிக்கறோம். நீ இங்க பட்டறயப் பாத்துக்க."

"போலீஸ் கச்சேரிக்கு வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. நீங்கதான் ஓட்டுனீங்கன்னு."

அவர் சிரித்தார். "சொன்னா லைசென்ஸ் போயிருமே."

அக்கா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. வெளியே வந்து, "அவரு சொல்றதும் நாயந்தான சாமி," என்றாள். தட்டு வைத்துப் பரிமாறினாள். எனக்குப் பிடிக்குமென்று தட்டப்பயறுக் குழம்பு வைத்திருந்தாள். முழுவதையும் சாப்பிட்டேன். அக்கா மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்கு முன் ஏற்காட்டு மலைமேல் சேர்வராயனைக் கும்பிட்டு வர வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். வண்டியைச் சரிபார்த்து வைக்கும்படி என்னிடம்தான் சொன்னார். அந்த அளவுக்கு என்னை நம்பினார், அல்லது என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் கம்பியைத் தாங்கும் ஆணியைக் கழற்றினேன். அந்த இடத்தில் வலுவில்லாத ஒரு கம்பித்துண்டைச் செருகினேன். மலை ஏறும் வரைக்கும் அது தாங்கும். கெட்டிக்காரன் கியரிலேயே இறங்கிவிடுவான். அதனால் மாமாவிடம், "இறங்கறப்ப எஞ்சினுக்குச் செரமங் குடுக்காதீங்க, பிரேக்க நம்பியே எறங்குங்க," என்று சொல்லிவைத்தேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

மற்றதெல்லாம் உங்கள் ஆட்கள் பள்ளத்தில் இறங்கிப் பார்த்ததுதான். விபத்து என்று எழுதிக் கேசை முடித்துவிட்டீர்கள். நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டியதில்லை. ஆனால் இழவு வீட்டில் வந்தவர்கள் எல்லாம் என்ன பேசினார்கள் தெரியுமா? கந்தவேல் தங்கமான மனுஷனாம், ஒரு கேசு உண்டா, வழக்கு உண்டா என்றார்கள். என்னைக் காட்டி, பெண்ணைக் கொன்றவன் உட்கார்ந்திருக்கிறான், நல்லவன் போய்விட்டானே என்றார்கள். நான் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன் ஐயா. இங்கே வந்தது அதற்காகத்தான். ஆராயி கேசில் என் பெயரை அடித்து அவர் பெயரை எழுத வேண்டும். இந்தக் கேசை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், இது என்னுடையது, மறுக்க மாட்டேன்.

அக்காவும் அவரோடு போய்ச் சேர்ந்தது எப்படி என்று கேட்டீர்கள். அன்று காலையில் அவள் கிளம்புவதாக இல்லை. "தல வலிக்குது, அவரு மட்டும் போயிட்டு வரட்டும்," என்று பாயில் படுத்துக்கொண்டாள். நான்தான் சுக்கு இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். எழுப்பி உட்காரவைத்து, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். கடல் தாண்டிப் போகிறவள் சாமி கும்பிடாமல் போகக் கூடாதே என்றுதான், வேறு எதற்கும் இல்லை.