ஆறாம் மாசத்து இருமல்

"மகன் வயித்துல இருக்கையில நான் இருமுனது இன்னும் கேசட்டுல இருக்கு."

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த ஐம்பது வயதுக்காரி பக்கத்துப் பெண்ணிடம் இப்படிச் சொன்னாள். அதற்குமேல் நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"கேசட்டுலயா? என்னக்கா சொல்றீங்க?"

"யாருமில்லாதப்பவும் அவனுக்குக் கொரல் கேக்குதுன்னு வைத்தியம் பாக்குறோம்ல? புது டாக்டரம்மா, 'இவர் வயித்துல இருந்தப்ப ஒங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்துச்சா'ன்னு கேட்டாக. இருபத்தெட்டு வருசமாச்சு, எனக்கு எங்க ஞாபகம்? அவன் அப்பாதான் ரெண்டு நாளாப் பரண்ல தேடி எடுத்தாக. அவுக துபாய்ல இருந்தப்ப நான் பேசிப் பதிஞ்சு அனுப்புன கேசட்டு. பழைய டேப்புல போட்டா, 'ஆறாம் மாசம், ஊரெல்லாம் காய்ச்சல், எனக்கும் அஞ்சு நாளா விடல'ங்கிறேன். பேச்சுக்குப் பேச்சு இருமல்."

"அதுனாலதான் இப்படி ஆச்சாமா?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது, ஒங்க தப்பு எதுவுமில்லன்னாக. ஆனா ஒண்ணு, அந்த இருமலை அவன் உள்ள இருந்து கேட்டுருப்பான்ல!"

"ஆத்தாடி!" என்று அந்தப் பெண் முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இப்ப கேட்டானாக்கா?"

"முழுசும் கேட்டான். முடிஞ்சதும் எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தான். 'இந்தக் கொரல் ஒங்களுக்கும் கேட்டுச்சுல்ல?'ன்னான். 'கேட்டுச்சுய்யா'ன்னோம். 'அப்ப இன்னொருக்கா போடுங்க'ன்னான்."