ஹீட்டர் மாட்டிய வெடி லோடு

விருதுநகர் போகும் பஸ். திருத்தங்கல் தாண்டியதும் முன்சீட்டில் இருந்த லாரி டிரைவர், "என்ஜினுக்கும் குளிர் எடுக்கும் மாப்ளே" என்றார். பக்கத்தில் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி. அதற்குமேல் கையிலிருந்த பேப்பரை நான் படிக்கவில்லை.

"ஜம்முவுக்கு அங்கிட்டு மலைக்குப் பட்டாசு வெடி லோடு கொண்டு போனேன்ல, அங்கன ஒர்க்‌ஷாப்புல என்ஜினுக்கு ஹீட்டர் மாட்டிவிட்டாக. வண்டி எடுக்குறதுக்கு ரெண்டு மணி நேரம் முந்திப் பிளக்கைச் சொருகினாப் போதும், ராத்திரி பூரா போட்டா கரண்டுதான் வீணுன்னாக."

"சொருகுனீகளா?"

"இல்ல. வெடி லோடு நிக்கிற வண்டில கரண்டு வயரான்னு பயம். காலைல வண்டி ஸ்டார்ட் ஆகல. பக்கத்து லாரிக்காரங்க அவுக வண்டி என்ஜினுக்கு அடியில தீ மூட்டிச் சூடு காட்டுனாக. நானும் மூட்டிட்டேன்."

"தீயா? வெடி லோடுக்கு அடியிலயா மச்சான்?"

"கை விறைச்சதுல புத்தியும் விறைச்சுப்போச்சு. ஒரு சர்தார் ஓடிவந்து மண்ணள்ளிப் போட்டு அணைச்சாரு. ஒங்க அக்காகிட்டச் சொல்லிராத."

"அக்காவைத் தெனமும் வெடிக் கம்பெனி வாசல்ல, தீப்பெட்டி வச்சிருக்காளான்னு மடியைச் சோதிச்சுத்தான் உள்ள விடுறாக."

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆமத்தூர் வந்ததும் திரும்பாமலேயே சொன்னார்.

"அந்த சர்தார், எந்த ஊருன்னு கேட்டாரு மாப்ளே."

"என்ன சொன்னீக?"

"வெடி செய்யுற நம்ம ஊருப் பேரைச் சொல்ல வெக்கமாப் போச்சு. மதுரைன்னு சொல்லிட்டேன்."