ஐஸ் இருக்கிறதா என்று மாமா கேட்டபோது

"ஆரும் கேக்காட்டி அது உயிரோட இரிக்கத் தேவல்ல, மச்சான்."

காத்தான்குடியில் பஸ் ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்த இளைஞன் தன் நண்பனிடம் இப்படிச் சொன்னான். பேச்சு சேர்வரில் ஓடும் ஒரு கணினி புரோகிராமைப் பற்றியது. எங்கள் வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். காது தானாகப் பின்னால் போனது.

"மாமாட ஐஸ் கம்பனிக்கு நான் எழுதின புரோகிராம். எத்தின கட்டி இரிக்கி எண்டு போன்ல கேட்டா, சிஸ்டம் இத எழுப்பும். பதிலச் சொல்லிப்போட்டு இது செத்துரும்."

மாமா என்றது, அவனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வாப்பாவை.

"நல்லதுதானே."

"சோதிச்சுப் பாக்கிறதுக்கு, கேள்வி வந்தா எனக்குத் தெரிய நடுவில ஒரு வரி போட்டிருந்தன். 'கிழவன் திரும்பவும் வந்துட்டான்' எண்டு."

"அது உன்ட திரையிலதானே வரும்?"

"நானே ஓட்டினா என்ட திரையில வரும். சிஸ்டம் எழுப்பினா, எழுதுறதெல்லாம் கேட்ட ஆளுக்குத்தான் போகும். அத மறந்துட்டன்."

"கேட்டது ஆரு?"

"மாமாதான். காலையில இருந்து சும்மா சும்மா கேட்டுப் பாத்திரிக்கார்."

நண்பன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். பஸ் நாவற்குடாவைத் தாண்டியது.

"கலியாணம் முடிச்சு அவர்ட வீட்டிலதானே இரிக்கப் போறாய். மறுகா, ஏசினாரா?"

"இல்ல. அந்த வரிய எடுத்துட்டன் மாமா எண்டன். நல்லது தம்பி எண்டார்."

"தம்பியா? மகன் எண்டுதானே கூப்பிடுறவர்?"

"ஓம்."

"ஏசல்லதானே. அப்ப பிரச்சின முடிஞ்சி."

"எங்களுக்கெண்டு மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார், மச்சான். மேசன்மார நாளையில இருந்து வர வேணாம் எண்டுட்டார்."