டிரைவரிடம் சொல்லப்பட்டது

மார்ச் 19.

முதலில் ஒரு சிறு பிழையைத் திருத்திக்கொள்கிறேன். பன்னிரண்டாம் தேதிப் பதிவில், 'டிரைவரிடம் சொல்லப்பட்டது' என்ற கடைசிக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்க வேண்டும். பழக்கத்தில் பேனா போய்விட்டது என்று நினைக்கிறேன். அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் போகும் மெக்கானிக் மாலை வகுப்பில் முதல் நாளே மூன்று விதிகள் சொன்னார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை அன்றே எழுத வேண்டும். வண்டியை ஓட்டுகிறவரிடம் சொல்ல வேண்டும். பதினெட்டுப் பேரில் நோட்டை விடாமல் எழுதிவந்தவன் நான் ஒருவன்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவு.

வண்டி என்பது என் அண்ணன் ஓட்டும் ஜல்லி லாரி. நான் வேலை செய்யும் பட்டறையில் அதன் இன்ஜினுக்குப் பெரிய டர்போ மாட்டி, டீசல் பம்பையும் மாற்றினார்கள். பலம் கூடியது. ஆனால் இன்ஜின் முன்பைவிட அதிகச் சுற்றில் ஓடும்போதுதான் அந்தப் பலம் வந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இது தெரியாதே. பழைய கணக்குப்படி சீக்கிரமே மேல் கியருக்குத் தாவி, ஏற்றத்தில் லாரியைத் திணறவைத்தது. எந்தச் சுற்றில் எந்தக் கியருக்கு மாற வேண்டும் என்ற அட்டவணையை லேப்டாப் வழியாகத் திருத்தும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார். என்னை நம்பி அங்கே ஒரு வேலையைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவனுக்குச் சிரிப்பாக இருந்தது, அவ்வளவுதான். தினமும் காலையில், டீ குடிக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன புரொபசர், இன்னிக்கு கியருக்கு என்ன பாடம்?" என்பான். பிறகு கியர் லீவர் பிடிக்கும் தன் இடது கையைத் தூக்கிக் காட்டுவான். "பதினாறு வருஷமா இதான் நம்ம கம்ப்யூட்டர். சார்ஜ்கூட போட வேணாம்."

குவாரியிலிருந்து ஊருக்குள் இறங்கும் சாலை மூன்றரை கிலோமீட்டர் இறக்கம். அங்கே அவன் லீவரை இழுத்து, இரண்டாம் கியரிலேயே லாரியைப் பிடித்துவைத்து இறங்குவான். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக் அதிகம் வேண்டியிருக்காது. ஓட்டுகிறவன் என்ற முறையில் அது சரிதான். ஆனால் என் பதிவில் பாதி அவன் கையின் பதிவாகிவிட்டது. அட்டவணை என்ன செய்தது, கை என்ன செய்தது என்று பிரிக்க முடியவில்லை. இதை இரண்டு முறை அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். இரண்டாவது முறை விளக்கிக்கொண்டிருக்கும்போதே, ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைக்க என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். பதினோரு நாள் எண்கள் அதில் இருந்தன. "இப்பதான்டா உன் படிப்பு லாரிக்கு உதவுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை அண்ணி அந்தத் தாளில் முகப்பவுடரைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டு, தட்டி என்னிடம் கொடுத்தார். அவர் குணம் தெரிந்ததுதானே, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை. எண்களை வேறு தாளில் எடுத்து எழுதினேன். மூன்று எண்களை மட்டும் படிக்க முடியவில்லை.

கோபத்தில் செய்தேன் என்று நினைக்க இடமுண்டு. கோபம் என்றால் அன்றைக்கே செய்திருப்பேன். தாளைக் கிழித்தது நான்காம் தேதி. நான் எட்டு நாள் யோசித்தேன்.

கியர்பாக்ஸின் அமைப்பில், லீவர் சொல்வதைக் கேட்பதா வேண்டாமா என்று ஒரு வரி உண்டு. பன்னிரண்டாம் தேதி அதை 'வேண்டாம்' என்று மாற்றினேன். இனி லீவரை இழுத்தாலும் அட்டவணைப்படிதான் கியர் மாறும். இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 2,400-ஐத் தொட்டால், இன்ஜினைக் காப்பாற்ற மேல் கியருக்குப் போய்விடும். அதாவது இறக்கத்தில் இன்ஜினின் பிடி விட்டுப்போகும், பிரேக் ஒன்றுதான் மிச்சம். இதையும் நான் கணக்கிடாமல் இல்லை. முழு லோடுடன் பிரேக் சூடேறித் தளர நான்கு கிலோமீட்டர் ஆகும் என்று வந்தது. அரை கிலோமீட்டர் கைவசம் இருந்தது. இது அனுமதித்த எடைக்கான கணக்கு. அண்ணன் எப்போதும் இரண்டு டன் கூடுதலாக ஏற்றுவான் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கணக்கு என்றால் அனுமதித்த எடையைத்தானே போட வேண்டும்.

கை கலக்காத ஒரே ஒரு பதிவு எனக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்தது. முதல் கிலோமீட்டரில் மட்டும் லீவர் ஒன்பது தடவை இழுக்கப்பட்டிருக்கிறது. கியர் ஒரு தடவைகூடக் கீழே வரவில்லை. அட்டவணை நான் எழுதியபடியே நடந்துகொண்டது.

இறக்கத்தின் அடியில் ஒரு பஸ் நிறுத்தம். தைத்த பள்ளிச் சீருடைகளை மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு டைலர் அங்கே நின்றிருந்தார். அவர் அங்கேயே இறந்துபோனார். அண்ணனுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

கியர்பாக்ஸில் பதிந்திருந்ததைப் படித்துச் சொல்ல இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் எதையும் மறைக்கவில்லை. லீவர் மாற்றத்தைச் சொல்லி, நோட்டையும் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. டிரைவருக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது, அதன் பிறகும் கூடுதல் லோடு ஏற்றியிருக்கிறார் என்றார். டைலரின் சாவுக்கு அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டிவரும் என்றும் சொன்னார்.

நேற்று நோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து அண்ணனிடம் காட்டினார். அண்ணன் அந்த டிக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அவன் சட்டையின் வெற்றுக் கையை மடித்துப் பின் குத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருப்பான் சார். சொல்லாம எழுதுற ஆளில்ல இவன். நான்தான் காதுல வாங்கியிருக்க மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினான். "உன் அட்டவணை சரியாத்தான்டா இருந்திருக்கு. நான்தான் சும்மா இழுத்துக்கிட்டே இருந்தேன்."

அவன் என் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. குறுக்கே பேச எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி காலை, வண்டியில் ஏறுவதற்கு முன் அண்ணன் என்னிடம் வந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. புரொபசர் என்று கூப்பிடவில்லை.

"தம்பி, இன்னிக்கு ஏதாச்சும் மாத்தியிருக்கியாடா? சொல்லு, அதுக்கேத்த மாதிரி ஓட்டுறேன்."

"ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

லாரி கேட்டைத் தாண்டிய பிறகு நோட்டைத் திறந்து டிக் போட்டேன். பழக்கத்தில் பேனா போய்விட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியையும் திருத்த வேண்டுமோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும்.

நாளைய வேலை: அண்ணனின் வாக்குமூலத்தைச் சுத்தமாக ஒரு பிரதி எடுத்துப் பத்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். அண்ணனின் வலது கை மாவுக்கட்டுக்குள் இருக்கிறது, பெருவிரல் மட்டும் வெளியே தெரிகிறது. ரேகைக்கு இடது பெருவிரல்தான் வைப்பார்கள். வலதை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும். மை டப்பாவை மறக்கக் கூடாது.