மூடுபனிச் சாம்பல்

வெள்ளைச் சட்டை எல்லோருக்கும் பொருந்தும் என்பது பெரிய புளுகு. கடைக்காரர்கள் கட்டிவிட்டது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், கழுத்தருகே வெள்ளை வந்ததும் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. பாக்கு நிறத்தில் ஒரு சட்டை போட்டிருந்தால் இந்த அறையின் விளக்கு வெளிச்சத்தில்கூட எடுப்பாக இருந்திருப்பீர்கள். தவறாக நினைக்காதீர்கள், இது தொழில் புத்தி. பல் வைத்தியர் யார் சிரித்தாலும் பல்லைத்தான் பார்ப்பாராம். நானும் அப்படித்தான், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் நிறத்தைப் பார்த்துவிடுவேன்.

தொழில் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பகலில் ஒரு துணிக்கடையில் பெண்கள் பிரிவில் நின்றேன். வீட்டுக்கு வந்தபின் தொலைபேசியில் படம் எடுத்துப் போட்டு ஓர் இணையப் பக்கம் நடத்தினேன். பருவத்துக்குப் பருவம் எங்கோ சில பெரிய மனிதர்கள் கூடி, இனி உலகம் இந்த நிறத்தில்தான் உடுத்த வேண்டும் என்று அறிவிப்பார்கள். அந்த நிறத்தை அலமாரியில் இருக்கும் பழைய துணிகளை வைத்தே எப்படிக் கொண்டுவருவது என்று நான் சொல்லிக்கொடுப்பேன். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். என் கணக்கில் ஆளுக்குப் பாதி கொடுத்ததே தாராளம்.

நிறங்களுக்குப் பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரி. அழுக்குப் பச்சையைப் பாசி என்பேன். வெளுத்துப்போன மஞ்சளைக் காய்ந்த புல் என்பேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்கள்தான் என் வாசகர்கள். அவர்களை நான் கேலி செய்யவில்லை. என்னை முதலில் நம்பியவள் நான்தான்.

படத்துக்கு நிற்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரரும் அவருடைய அம்மாவும். அத்தை தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்திக் குத்தி அவர் பேச்சும் அப்படியே ஆகியிருந்தது.

"ஏம்மா, போன பருவம் செங்கல்லுன்ன. இப்ப பாசிங்கற. அடுத்தது என்ன, களிமண்ணா?"

"களிமண்ணு போன வருஷமே வந்து போயிடுச்சு அத்தை."

"எனக்குத் தெரியாமலா?"

"உங்க பழுப்பு ஸ்வெட்டர்தான் அத்தை அது."

ஆனாலும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்து நிற்பார். பக்கத்து வீட்டுக்காரி படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து சால்வையை எந்தத் தோளில் போட வேண்டும் என்று அவரே கேட்பார்.

என் வீட்டுக்காரர் சாலைப் பராமரிப்பில் வேலை பார்த்தார். குழி அடைப்பது, கோடு போடுவது, மழைக்குப் பிறகு அரித்துப்போன ஓரத்தைக் கட்டுவது. உயரமான ஆள், அகன்ற தோள், நல்ல மாநிறம். எந்த நிறத்தையும் தாங்கும் உடம்பு. அப்படியொரு உடம்பை ஆண்டவன் படைத்து, அதன்மேல் ஒரு செம்மஞ்சள் மேல்சட்டையை மாட்டி அனுப்பியிருந்தான். வேலைக்குப் போகும்போது கட்டாயம் போட வேண்டிய சட்டை. மார்பிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. அது ஒரு நிறமே இல்லை, கூச்சல். அதைக் கொடியில் காயப்போட்டால் பக்கத்தில் தொங்கும் துணியெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளும்.

"இதப் போட்டுக்கிட்டு நின்னா லாரிக்காரன்கூட ஒதுங்கிப் போவான் வானவில்லு" என்பார். என்னை அவர் கூப்பிட்ட பெயர் அது. கேலியாகத்தான் ஆரம்பித்தார், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே போயிருக்கும். ஒரு பத்திரிகையிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். என் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். குளிர்காலத்தின் நிறம் சாம்பல் என்று அறிவித்திருந்தார்கள். வெறும் சாம்பல் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள், நான் அதற்கு மூடுபனிச் சாம்பல் என்று பெயர் வைத்து எழுதியிருந்தேன். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"உழைக்கிறவங்களும் பருவ நிறத்துல உடுத்தலாம்னு ஒரு பகுதி போடறோம். உங்க வீட்டுக்காரர் காலைல வேலைக்குக் கிளம்பற மாதிரி படம் வேணும். இயல்பா இருக்கணும். அந்த நிறம் அவர் மேல மட்டும் இல்லாம சுத்தியும் இருந்தா இன்னும் நல்லது" என்றார்.

துணிக்கடையில் இத்தனை வருடம் மற்றவர்களுக்குக் கொக்கி மாட்டிவிட்டவள் நான். என்னை ஒருவர் தேடி வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு கையுறையையும் இடது கைக்கே கொடுத்து அனுப்பினேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள்.

கடையிலேயே ஒரு கோட்டு இருந்தது. கம்பளி, முழங்கால்வரை, அச்சு அசலாக மூடுபனியின் நிறம். ஊழியர் விலையில் வாங்கினேன். அவரும் போட்டுப் பார்த்து, கண்ணாடிமுன் திரும்பித் திரும்பி நின்றார். "இது நானா?" என்று கேட்டார். வெட்கப்பட்டார். அந்த நேரத்தில் அவரைப்போல் அழகான மனிதர் அந்தத் தெருவிலேயே இல்லை.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், கிளம்பும்போது கோட்டின்மேல் அந்தச் செம்மஞ்சளை மாட்டிக்கொண்டார். படத்துக்காகக் கழற்றுங்கள் என்றால் வாசலில் கழற்றி, நின்று, பல்லைக் காட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார். அதில் இயல்பு இல்லை. ஒரு கண் கழற்றிவைத்த சட்டைமேலேயே இருந்தது. நாலைந்து காலைகள் இப்படிப் போயின. பத்திரிகை அம்மா படங்களைப் பார்த்துவிட்டு, "போட்டோ ஸ்டுடியோல நிக்கற மாதிரி இருக்கே" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் சாப்பிடாமல் படுத்தேன். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கே இருக்கிறது.

மறுநாள் செம்மஞ்சள் சட்டையை மடித்து, பரண்மேல் பழைய போர்வைகளுக்கு நடுவில் வைத்தேன். ஒளித்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அப்போது நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை.

அன்று காலை பனி கொட்டியது. எதிர்வீட்டுக் கதவே நிழலாகத்தான் தெரிந்தது. இப்படி ஒரு காலைக்காகத்தான் காத்திருந்தேன்.

"என் சட்ட எங்க?" என்று கேட்டார்.

"துவைச்சேன். காயல."

"ஈரமா இருந்தாலும் பரவால்ல, குடு."

"ஈரத்தைப் போட்டுக்கிட்டுப் போய் காய்ச்சல்ல படுக்கவா? ஒரு நாள்தானே. வண்டில இன்னொண்ணு இருக்கும்ல, மேஸ்திரி அண்ணன்கிட்ட வாங்கிக்குங்க."

"வண்டி வர்ற வரைக்கும் ரோட்டோரம் நிக்கணுமே."

"தினம் நிக்கற இடம்தானே" என்றேன்.

அவர் வாசல்வரை போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, "சரி வானவில்லு, உன் ஆசைக்கு ஒரு நாள்" என்று சொல்லிப் படியிறங்கினார்.

மேஸ்திரி தினமும் வேன் ஓட்டி வந்து ஆட்களை ஒவ்வொரு இடத்தில் ஏற்றிக்கொள்வார். எங்கள் தெரு முனையில், விளக்குக் கம்பத்தடியில் இவர் நிற்பார். அன்றைக்கும் அங்கேதான் நின்றார். வேன் வழக்கம்போல் ஓரம் ஒதுங்கியது. அவர் நின்ற இடத்திலேயே ஒதுங்கியது.

நான் அப்போது சமையலறையில் இருந்ததாக உங்கள் ஆட்களிடம் சொன்னேன்.

கடைசியாக உடுத்த ஒரு சட்டை கேட்டார்கள். அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பின்னால் உறவுக்காரப் பெண்கள், பாவம் உடைஞ்சுபோயிட்டா, விடுங்க, அழட்டும் என்றார்கள். நான் அழவில்லை. கையில் இரண்டு சாம்பல் சட்டைகள் இருந்தன, ஒன்று கொஞ்சம் நீலம் ஓடியது, மற்றது புறாக் கழுத்து. எது என்று தீர்மானிக்க முடியவில்லை. புறாக் கழுத்தைக் கொடுத்தேன். சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இப்படி ஒருத்தியை நீங்கள் இதற்குமுன் பார்த்திருக்கமாட்டீர்கள்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே வரமாட்டேன் என்றார். இருபது வருடமாக என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

"தங்கச்சி, என் கண்ணு அவன் சட்டையத்தான் தேடுச்சு. செம்மஞ்சளக் காணோம்னதும் இன்னும் வரலன்னு நெனச்சேன். அதான் ஓரமா ஒதுக்கி நிறுத்தி ஹாரன் அடிக்கலாம்னு... சட்டயப் போடாம ஏன் தங்கச்சி வந்தான்? ஒரு நாள்கூட அப்படி வந்ததில்லயே."

"எனக்கென்ன அண்ணே தெரியும்" என்றேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார். அவர் போட்டிருந்தது கட்டம் போட்ட கத்தரிப்பூ நிறச் சட்டை. துக்க வீட்டுக்கு இதைப் போட்டுக்கொண்டு வருவார்களா என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. மறைக்கவில்லை, ஓடியது.

பிறகு விசாரணை வந்தது. சட்டை எங்கே என்று கேட்டார்கள். துவைத்தேன், காயவில்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், வீட்டில் போய்ப் பார்ப்பார்கள், பரணில் மடித்தபடி கிடைக்கும். அதனால் அவருக்குச் சட்டையே கொடுக்கப்படவில்லை என்றேன். பழையது கிழிந்ததும் மேஸ்திரியிடம் பலமுறை கேட்டார், அவர் தட்டிக்கழித்தார் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். அழுகிற விதவை மறைத்தால் யாரும் சோற்றைக் கிளறிப் பார்ப்பதில்லை.

மேஸ்திரி, என் கையால கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆளை இடித்தவன் வேறு எப்படிச் சொல்வான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேலை போயிற்று. உள்ளே வைத்தார்கள். அவர் மனைவி ஒருநாள் என்னைத் தேடிவந்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். அவள் கட்டியிருந்த பாசி நிறம் அவளுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது, சோகத்திலும் முகத்தைத் தூக்கிக் காட்டியது.

பத்திரிகையில் பகுதி வரவில்லை. விஷயம் கேள்விப்பட்டு அந்த அம்மா வருத்தம் தெரிவித்தார். இந்தச் சூழ்நிலையில் பொருத்தமாக இருக்காது என்றார். பொருத்தம் என்ற சொல்லை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

குளிர் அதிகமானதும் அத்தைக்கு இன்னொரு போர்வை வேண்டியிருந்தது. நான் கடைக்குப் போயிருந்தேன். அவரே நாற்காலி போட்டுப் பரணில் எடுத்திருக்கிறார். நான் வீடு திரும்பியபோது அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை.

"இது ஈரமா இருந்ததுன்னு அன்னிக்கு நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு" என்றார். "அப்புறம் நீ போலீஸ்ல வேற சொன்ன. மகன் போன துக்கத்துல நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்னு இத்தனை நாள் என்னையே சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அத்தை, நான்..."

"பேசாத. உன் குரல் கேட்டா எனக்கு உன் மேல பாவமா வரும்."

எழுந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சட்டையை ஒரு பையில் வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டார். மேஜைமேல் இருப்பது அதுதான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இருட்டுவதற்குள் பத்திரமாக இங்கே வந்துசேர்ந்தாரா என்று மட்டும் அன்று கவலையாக இருந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். எனக்கு வேறு ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் போனதால் எனக்கு வந்ததும் எதுவுமில்லை. அவர் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவர்மேல் எனக்கு அன்பு இருந்தது. அவரை அழகாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கோட்டு நிறத்தில் ஒரு மனிதன் பனியில் மறைந்துபோவான் என்பது எனக்குத் தோன்றவில்லை என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவள் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்களும் நம்பவில்லை, பார்க்கிறேன்.

என் தொலைபேசியை எடுத்து வைத்திருக்கிறீர்கள். தேடினால் கிடைக்கத்தான் போகிறது, நானே சொல்லிவிடுகிறேன். நான் சமையலறையில் இல்லை. மாடி ஜன்னலில் நின்றேன். அவர் தெருமுனைக்குப் போய்க் கம்பத்தடியில் நின்றதும் பனி அவரை எடுத்துக்கொண்டது. தோள் எங்கே முடிகிறது, பனி எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அப்போது வேனின் விளக்குகள் திரும்பின. மெதுவாகத்தான் வந்தன. அவர் எங்கே நிற்கிறார் என்று மேஸ்திரிக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. அவர் வேனுக்கு முதுகைக் காட்டி, என் ஜன்னலைப் பார்க்காமல், நான் சொல்லிக்கொடுத்த மாதிரி இயல்பாக நின்றார். தொலைபேசி கையில் இருந்தது. கூப்பிட நேரமும் இருந்தது. கூப்பிட்டிருந்தால் அவர் திரும்பியிருப்பார், நகர்ந்திருப்பார், படம் கெட்டிருக்கும்.

எடுத்துப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அவர் எங்கே நிற்கிறார் என்று உங்களால் சொல்ல முடியாது. அவ்வளவு பொருத்தம்.