இருபத்துமூன்றாவது தட்டு

கம்பளித் தொப்பி விற்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, ஐயா. இரண்டு குளிர்காலம் கேபிள் கார் அடிவாரத்தில் மேசை போட்டு நின்றேன். தொப்பி, கோப்பை, நாட்காட்டி, எல்லாவற்றிலும் எங்கள் பனி ஆய்வு நிலையத்தின் படம். மாநில அரசு பணத்தை நிறுத்திவிட்டது. மக்களுக்கு வேண்டுமென்றால் மக்களே காப்பாற்றட்டும் என்றார்கள். மார்ச்சுக்குள் பணம் சேராவிட்டால் சாவியை ஒப்படைக்க வேண்டும். நான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த இடம். சூரிச்சிலிருந்து வந்தவர்களோ என்னைத் தாண்டிப் போய் சாக்லேட் வாங்கினார்கள்.

துரி மட்டும் தினமும் வந்து நிற்பான். பனிச்சறுக்குப் பாதைகளைத் திறப்பதும் மூடுவதும் அவன் பொறுப்பு. "என்ன பார்பிளா, இன்னைக்கும் போணி ஆகலையா? ஒண்ணு குடு, தலையில மாட்டிக்கிட்டு ஓசியில விளம்பரம் பண்றேன்" என்பான். நல்லவன். அதை நான் மறுக்கவில்லை.

போன ஜனவரியில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு இரண்டு வெளிநாட்டுக்காரர்களைக் கொண்டுபோனது. அந்த வாரம் என் மேசையில் இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது. உங்கள் வேலை எவ்வளவு முக்கியம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். எட்டாம் நாள் மறந்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. யாராவது செத்தால்தான் இவர்களுக்கு உறைக்கிறது. அதுவும் அயலான் செத்தால் ஒரு வாரம்தான்.

எங்கள் சோதனை எளியது. காலையில் பனியில் குழி வெட்டி, ஒரு தூணை மட்டும் தனியாக நிற்கவிட்டு, அதன் தலையில் மண்வாரியை வைத்துக் கையால் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் தூண் உடைகிறதோ அதுதான் அன்றைய எண். சீக்கிரம் உடைந்தால் பனிச்சரிவு ஆபத்து. அந்த எண்ணைக் கேட்டுத்தான் துரி பாதையைத் திறப்பான். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மூன்றாவது தட்டிலேயே மேல்பாதி மேசை இழுப்பறை போல வெளியே வந்தது.

துரியிடம் ஃபோனில் இருபத்துமூன்று என்றேன்.

"இருபத்திமூணா? நெசமாவா? நேத்து அப்படிக் காத்து அடிச்சுதே."

"என் கை மேல எப்போலேருந்து சந்தேகம்?"

"உன் கைய நம்பாம யார் கைய நம்புறது. சரி, நான் இறங்குறேன்."

பாதையைத் திறக்குமுன் பொறுப்பாளன் தனியாக ஒருமுறை இறங்கிப் பார்ப்பது இங்கே வழக்கம். ஆகவே வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதையும் யோசித்துத்தான் செய்தேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சரிந்த பனிக்கடியில் நாய்கள் அவனைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஊர்க்காரன், எல்லோருக்கும் வேண்டியவன். இந்த முறை எட்டாம் நாளும் யாரும் மறக்கவில்லை. தொப்பிகள் தீர்ந்துபோய், ஊர்ப் பெண்களை உட்காரவைத்துப் பின்ன வேண்டியிருந்தது. நிலையம் தப்பியது. அது இனி எத்தனை உயிரைக் காக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

என் குறிப்பேட்டில் மூன்று என்றுதான் இருக்கிறது. அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். ஆய்வுக் குறிப்பில் நான் பொய் எழுத மாட்டேன், ஐயா. அந்த ஒழுக்கம் இல்லாதவர்கள் இந்த வேலைக்கே வரக்கூடாது.

அடக்கம் முடிந்த மறுநாள் துரியின் மனைவி மெங்கியா மேசைக்கு வந்தாள். மகளுக்கு ஒரு தொப்பி வேண்டும் என்றாள். "அவரு உசிரா நெனச்ச எடம்க்கா அது" என்று அழுதாள். நானும் அழுதேன், பொய்யாக அல்ல. இருப்பதிலேயே சின்னதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். முப்பது பிராங்க். விலையைக் குறைக்கவில்லை. நிலையத்துக்குச் சேர வேண்டியதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.